அவமானமும் மனச்சோர்வும்: தலை நிமிர உதவும் கிறிஸ்துவ நம்பிக்கை

ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போகும் சாலைகள் மக்களால் நிரம்பி வழியும். செபராங் ஜெயா, பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால், கூலிம் எனச் சுற்றுவட்டாரத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஜூலை 26 அன்னம்மாளின் திருநாள். பழைய கோயில் 1888-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. புதிய பெரிய ஆலயம் 2002-இல் எழுந்தது. 2019-இல் இதற்கு இளைய பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வதைப் பார்க்கலாம்.

அந்த அன்னம்மாளின் கதை அவமானத்தில் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. இயேசுவின் தாயான மரியாளைப் பெற்றவர் அன்னம்மாள், தந்தை யோவாக்கிம் என்பது கிறிஸ்துவ மரபு. இது பைபிளில் இல்லை; இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய நூல் ஒன்றில் வருகிறது. பிள்ளை இல்லாத காரணத்தால் யோவாக்கிமின் காணிக்கையை எல்லார் முன்னிலையிலும் தடுத்துவிடுகிறார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. யார் முகத்திலும் விழிக்க மனமில்லாமல் வனாந்தரத்துக்குப் போய்விடுகிறார். வீட்டில் தனியாக இருந்த அன்னம்மாளை வேலைக்காரியே குத்திக் காட்டுகிறாள். மரத்தில் இருந்த குருவிக் கூட்டைப் பார்த்து, இந்தப் பறவைக்குக் கிடைத்ததுகூடத் தனக்கு இல்லையே என்று அவர் அழுகிறார்.

கணவன் ஒரு பக்கம் ஒளிந்துகொள்வதும், மனைவி மறுபக்கம் அழுவதும், ஊர் வாய் ஓயாமல் இருப்பதும் நம் தோட்டத்து லயங்களிலும் இன்றைய அடுக்குமாடி வீடுகளிலும் நடப்பவைதான். அவமானம் மனிதனை எப்படி முடக்குகிறது, அது மனச்சோர்வாக எப்படி மாறுகிறது, அதிலிருந்து எழ கிறிஸ்துவ நம்பிக்கை எந்த அளவுக்குத் துணை செய்யும், எந்த இடத்தில் மருத்துவரின் கை வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குற்ற உணர்வும் அவமானமும் ஒன்றா?

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு. "நான் செய்தது தப்பு" என்பது குற்ற உணர்வு. "நானே தப்பான ஆள்" என்பது அவமான உணர்வு. குற்ற உணர்வு உள்ளவர் மன்னிப்புக் கேட்பார், வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவார், உடைந்ததைச் சரிசெய்யப் பார்ப்பார். அவமான உணர்வு உள்ளவர் மறைந்துகொள்வார். கல்யாண வீட்டுக்குப் போகமாட்டார், கைப்பேசியை எடுக்கமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். இந்த வேறுபாட்டை அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-இல் தம் நூலில் விளக்கினார். குற்ற உணர்வைவிட அவமான உணர்வுக்கே மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்பு இருப்பதாகப் பிந்தைய ஆய்வுகளும் காட்டியுள்ளன.

நம் சமூகத்தில் அவமானத்துக்குக் காரணங்கள் பல. ஆலோங்கிடம் வாங்கிய கடனுக்காக வீட்டுச் சுவரில் சாயம் ஊற்றப்படுவது, எஸ்.பி.எம். தேர்வில் தோற்பது, வேலை பறிபோவது, மணமுறிவு, பிள்ளை போலீசில் பிடிபடுவது, குடிப்பழக்கம், பிள்ளைப்பேறு இல்லாமை, சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமை. கடைசியில் சொன்னதில் பாதிக்கப்பட்டவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தப்புச் செய்தவரின் வெட்கத்தையும் அவர்தான் சுமக்கிறார். அவமானம் நியாயம் பார்த்து வருவதில்லை.

மனச்சோர்வு என்றால் என்ன?

சோகம் எல்லாருக்கும் வரும், போகும். மனச்சோர்வு நோய் அப்படிப் போய்விடாது. கவலையும் வெறுமையும், அல்லது முன்பு பிடித்த காரியங்களில் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலும் நாள் முழுவதும் நீடித்தால் கவனிக்க வேண்டும். தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசி குறைவது அல்லது கூடுவது, காரணமில்லாத அசதி, எதிலும் கவனம் நிற்காமை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவை மற்ற அறிகுறிகள். நம்மவர்களில் பலர் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. தலைவலி, நெஞ்சடைப்பு, உடம்பு வலி, வயிற்றெரிச்சல் என்றே சொல்வார்கள். ஆண்களிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு.

இது அரிதான நோய் அல்ல. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளனர். 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. 2022-இல் இளையோரிடம் நடத்திய ஆய்வில் 13 முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்வதாகத் தெரிவித்தனர்.

உதவி பெறாமல் இருப்பவர்களும் இவர்களில் உண்டு. அதற்கும் அவமானமே காரணமாகிறது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனான்" என்ற பேச்சுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அவமானம் நோயைக் கொண்டுவருகிறது. மருந்துக்குப் போகும் வழியையும் அதே அவமானம் அடைக்கிறது.

பைபிள் காட்டும் சோர்ந்த மனிதர்கள்

2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் சுமார் 86 விழுக்காட்டினர் இந்துக்கள். 6 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். எண்ணிக்கையில் சிறியதானாலும் கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே எனப் பல சபைகளில் தமிழ் வழிபாடு நடக்கிறது. அந்த மக்கள் கையில் இருக்கும் பைபிள், மனச்சோர்வை மூடிமறைக்கும் நூல் அல்ல.

எலியா பெரிய தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் ஊரே பார்க்க வெற்றி பெற்றவர். அதற்கு அடுத்துவந்த நாட்களில் ஓர் அரசியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழ் படுத்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறார். அங்கே வந்த தேவதூதன் அவரைத் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பாடு கொடுக்கிறான். அதற்குப் பிறகுதான் நீண்ட பயணம், கடவுளோடு பேச்சு, எலிசா என்ற துணை எல்லாம். உடம்புக்கு ஓய்வும் உணவும் முதலில், பேச்சு அடுத்து, தனிமைக்கு ஒரு துணை அதற்கும் அடுத்து என்ற இந்த வரிசையை இன்றைய மருத்துவரும் ஏற்றுக்கொள்வார்.

அன்னாள் என்ற பெண்ணின் கதை பழைய ஏற்பாட்டில் வருகிறது. அன்னம்மாளின் பெயரும் இதே எபிரேயப் பெயர்தான். பிள்ளை இல்லை என்று சக்களத்தி ஆண்டுதோறும் அவரை அழவைக்கிறாள். சாப்பிட மனமில்லாமல் சீலோ ஆலயத்தில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருந்த அவரைப் பார்த்த குரு ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார். அன்னாள் பயந்து ஓடிவிடவில்லை. தன் மனவேதனையை எடுத்துச் சொல்கிறார். ஏலியும் தன் தவற்றை உணர்ந்து, சமாதானமாகப் போகும்படி வாழ்த்துகிறார். அதன்பின் அன்னாள் சாப்பிட்டார், அவர் முகத்தில் துக்கம் தெரியவில்லை என்று பைபிள் கூறுகிறது. குழந்தை பிறப்பதற்கு முன்பே இது நடக்கிறது. நிலைமை ஒன்றும் மாறவில்லை. சுமையை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்.

புதிய ஏற்பாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் துன்பப்பட்ட ஒரு பெண் வருகிறார். அக்கால வழக்கப்படி அவர் தீட்டானவர். யாருக்கும் தெரியாமல் இயேசுவின் ஆடையைத் தொட்டுவிட்டு நழுவிப்போகப் பார்க்கிறார். இயேசு நின்று, தொட்டவர் யார் என்று கேட்டு, கூட்டத்தின் நடுவில் அவரை மகளே என்று அழைக்கிறார். நோய் நீங்கியது ஒரு குணம் என்றால், பலர் அறிய உறவு சொல்லி அழைத்தது இன்னொரு குணம். அவமானம் பலர் கண் முன்னே வந்தது. மரியாதையும் பலர் கண் முன்னேயே திரும்பி வந்தது.

பேதுருவும் யூதாசும்

ஒரே இரவில் இயேசுவின் இரண்டு சீடர்கள் தவறினார்கள். யூதாஸ் காட்டிக்கொடுத்தான். பேதுரு கரிநெருப்பு அருகே குளிர்காய்ந்தபடி, அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். இருவருமே மனம் கசந்தார்கள்.

யூதாஸ் முப்பது வெள்ளிக் காசையும் எடுத்துக்கொண்டு குருக்களிடம் போய்த் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அது உன் பாடு என்பதுபோல் அவர்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவன் முடிவு துயரமானது. பேதுரு அழுதாலும் மற்ற சீடர்களோடு சேர்ந்தே இருந்தார். சில நாட்கள் கழித்துக் கடற்கரையில் மறுபடி ஒரு கரிநெருப்பு. உயிர்த்தெழுந்த இயேசு மீனும் அப்பமும் வைத்துக் காலைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். சாப்பிட்ட பிறகு, மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை தன்மேல் அன்பு உண்டா என்று கேட்டு, மூன்று முறையும் ஒரு பொறுப்பைக் கையில் கொடுக்கிறார்.

தவறியவருக்குத் தேவைப்படுவதை இந்த இரண்டு கதைகளும் சொல்லிவிடுகின்றன. குற்றத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், சேர்ந்து சாப்பிட ஆள் வேண்டும், மறுபடி ஒரு வேலை வேண்டும்.

கிறிஸ்துவ நம்பிக்கையின் நடுவில் இருக்கும் சிலுவையும் அவமானத்தின் அடையாளமே. ரோமர்கள் அதை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தார்கள். உயிரை மட்டுமல்ல, மானத்தையும் சேர்த்தே வாங்கும் தண்டனை அது. கடவுளின் மகனே அந்த இடத்தில் நின்றார் என்று நம்பும் ஒருவர், தன் அவமானத்தைப் பார்த்துக் கடவுள் முகம் சுளிப்பார் என்று பயப்பட வேண்டியதில்லை. இந்த நம்பிக்கை தரும் முதல் ஆறுதல் இதுதான்.

தமிழில் வந்த 'மோட்சப் பிரயாணம்'

ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பங்கள் நன்கறிந்த நூல். திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் கிறிஸ்துவரானவர். பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைப் படைத்தார். அது 1894-இல் வெளியானது.

பனியன் மனச்சோர்வை அனுபவித்தவர். அவர் கதையில் பயணியான கிறிஸ்தியான், புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே நம்பிக்கையிழப்பு என்ற சேற்றில் விழுகிறான். முதுகிலிருந்த சுமையால் மேலும் அமிழ்கிறான். கூட வந்தவன் கோபித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். உதவி என்ற பெயருடைய ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். பாதிப் பயணத்துக்கு மேல் கடந்த பிறகும், அவநம்பிக்கை என்ற அரக்கன் அவனைப் பிடித்து இருட்டறையில் போட்டு, உயிரை விட்டுவிடு என்று தூண்டுகிறான். அப்போது அவனைத் தடுத்து நிறுத்துவது அதே அறையில் இருந்த நண்பனின் பேச்சு. கதவைத் திறக்கும் சாவி தன் மடியிலேயே இருந்தது என்பது பிறகுதான் அவனுக்கு நினைவுக்கு வருகிறது. வாக்குறுதி என்பது அந்தச் சாவியின் பெயர். பக்தன் ஒருவன் நடுவழியிலும் இருட்டில் விழலாம், அப்போது அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

போதகருக்கும் வரும்

லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கம் செய்த சார்லஸ் ஸ்பர்ஜன் தமிழ்ச் சபைகளிலும் அறியப்பட்ட பெயர். 1856 அக்டோபர் 19-ஆம் தேதி, அவருக்கு 22 வயது. சர்ரே கார்டன்ஸ் இசை மண்டபத்தில் அவர் பேசிய கூட்டத்தில் யாரோ தீ என்று பொய்க்கூச்சல் எழுப்ப, நெரிசலில் ஏழு பேர் மாண்டனர். அந்த அதிர்ச்சியில் அவர் நொறுங்கிப் போனார். பிறகு மேடை ஏறினாலும் மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் வந்து வந்து போனது. அதை அவர் மறைக்கவில்லை. தாம் பயிற்றுவித்த மாணவர்களிடமே இதுபற்றி விரிவாகப் பேசினார். உடல் நலக்குறைவு, ஓய்வில்லாத உழைப்பு, தனிமை ஆகியவை கடவுளுக்கு ஊழியம் செய்பவரையும் சாய்த்துவிடும் என்றும், ஓய்வு எடுப்பது வீணல்ல என்றும் அறிவுறுத்தினார். மேடையில் நிற்பவரே தன் சோர்வைச் சொல்லும்போது, பின்வரிசையில் இருப்பவருக்கும் வாய் திறக்கத் துணிவு வருகிறது.

ஒரு சிறுமியின் மரணமும் பிஃப்ரெண்டர்ஸும்

மலேசியாவில் மனம் உடைந்தவர்கள் அழைக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் வேர், அவமானத்தால் நேர்ந்த ஒரு மரணத்தில் இருக்கிறது. 1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் பாதிரியார் ஓர் இறுதிச் சடங்கை நடத்தினார். இறந்தவர் 14 வயதுச் சிறுமி. முதல் மாதவிலக்கு வந்தபோது அது என்னவென்று சொல்லித்தர ஆளில்லாமல், தனக்குப் பாலியல் நோய் வந்துவிட்டது என்று எண்ணி உயிரை மாய்த்துக்கொண்டார். யாரிடமாவது கேட்டிருந்தால் சில நிமிடங்களில் தீர்ந்திருக்கும் பயம் அது.

அதை மறக்க முடியாத அந்தப் பாதிரியார், 1953-இல் லண்டனில் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாகலாமா என்று நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தவர்கள் சாதாரணத் தொண்டர்கள். அவர்களிடம் பேசியே பலருக்கு மனப்பாரம் குறைந்ததை அவர் கவனித்தார். அடுத்த ஆண்டே அந்தப் பணியைத் தொண்டர்கள் கையில் ஒப்படைத்தார். அதுவே சமாரிட்டன்ஸ் இயக்கம். உலகின் பல நாடுகளில் பிஃப்ரெண்டர்ஸ் என்ற பெயரில் பரவி, 1970-இல் கோலாலம்பூருக்கும் வந்தது. பின்னர் பினாங்கு உட்பட நாட்டின் மற்ற இடங்களிலும் மையங்கள் தோன்றின.

ஒரு பாதிரியார் தொடங்கிய பணியானாலும் இது மதம் பரப்பும் அமைப்பு அல்ல. அழைப்பவரின் மதம் என்ன என்று பார்ப்பதில்லை, உபதேசமும் இல்லை. கேட்பதே அவர்கள் வேலை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நம்பிக்கை உண்மையிலேயே உதவுகிறதா என்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதில் முக்கியமானவர். துன்பத்தில் மதத்தைப் பற்றிக்கொள்ளும் விதம் இரண்டு என்கிறார் அவர். கடவுள் கூட இருக்கிறார், சபை மக்கள் துணைக்கு இருக்கிறார்கள், மன்னிப்பு உண்டு என்று பற்றிக்கொள்வது ஒன்று. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று எண்ணுவது மற்றொன்று. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான கட்டுரை, முதல் வகை நல்ல மனநிலையோடும் இரண்டாம் வகை மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடும் சேர்ந்து வருவதைக் காட்டியது.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் கோனிக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 132 பேர் பங்கேற்றனர். சிலருக்கு வழக்கமான சிந்தனை-நடத்தை ஆலோசனை சிகிச்சையும், சிலருக்கு அதே சிகிச்சை அவரவர் மத நம்பிக்கையோடு இணைத்தும் தரப்பட்டது. இரண்டுமே ஏறக்குறைய சம அளவில் பலன் தந்தன. ஆகவே பக்தியுள்ள ஒருவர் சிகிச்சைக்குப் போவதற்காகத் தன் நம்பிக்கையை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை. நம்பிக்கை இருப்பதால் சிகிச்சை வேண்டாம் என்பதும் இல்லை.

நம்பிக்கை காயப்படுத்தும் இடங்கள்

சபை சில நேரம் அவமானத்தைக் கூட்டியும் விடுகிறது. "உனக்கு விசுவாசம் போதவில்லை", "மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது", "குடும்பச் சாபம்", "பிசாசின் பிடி" என்ற பேச்சுகள், ஏற்கெனவே தன்னை வெறுத்துக்கொண்டிருப்பவரை இன்னும் கீழே தள்ளும். ஜெபித்தால் போதும், மாத்திரையை நிறுத்திவிடு என்று சொல்வது ஆபத்து. மனச்சோர்வு மருந்து பலன் தரவே சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

இரகசியமாகச் சொன்னதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் கூட்டத்திலும் புலனக் குழுவிலும் பரப்புவது இன்னொரு தவறு. சொன்னவர் மறுபடி யாரிடமும் வாய் திறக்கமாட்டார். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்று குருவானவருக்குத் திருச்சபைச் சட்டமே கட்டளையிடுகிறது. மற்ற சபைகளின் போதகர்களும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நல்லது. ஒரு விதிவிலக்கு உண்டு. போதகரிடமோ நண்பரிடமோ ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால், அவரைத் தனியே விடாமல் குடும்பத்தையோ மருத்துவரையோ துணைக்குச் சேர்க்க வேண்டும்.

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பமும் அவமானத்தைச் சுமக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டம், மனமறிந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விதி இல்லை. கடுமையான மனநலப் பாதிப்பு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் கூறுகிறது. இந்நாட்டுச் சட்டமும் மாறியுள்ளது. தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் விதித்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நீக்க 2023-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. உயிர் தப்பியவர் குற்றவாளி அல்ல, உதவி தேவைப்படுபவர்.

செபராங் ஜெயாவில் எங்கே போவது?

முதல் படி, அருகில் உள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக். குடியுரிமை பெற்றவர்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. "தூக்கம் இல்லை, மனசு பாரமாக இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது" என்று சொன்னாலே போதும். சில கேள்விகள் கேட்பார்கள். தைராய்டு கோளாறு போன்ற உடல் நோயும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்யக்கூடும். தேவைப்பட்டால் செபராங் ஜெயா மருத்துவமனையின் மனநலப் பிரிவு போன்ற சிறப்புப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். சிறப்பு மருத்துவருக்கான கட்டணம் 5 வெள்ளி. தமிழில் பேசத்தான் முடியும் என்றால் அதை முதலிலேயே கேட்கலாம். மலாய் தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போகலாம்.

தொலைபேசி உதவிக்கு:
கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ், 24 மணி நேரமும்: 03-7627 2929
சுகாதார அமைச்சின் ஹீல் மனநல எண்: 15555
குடும்ப வன்முறை, சிறார் கொடுமை உள்ளிட்டவற்றுக்கு தாலியான் காசே, 24 மணி நேரமும்: 15999
உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

குடும்பமும் சபையும் செய்யக்கூடியவை

வீட்டில் ஒருவர் ஒதுங்கிப்போகிறார் என்றால், காரணத்தைத் தோண்டுவதற்கு முன் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று பாருங்கள். "இதெல்லாம் ஒரு விஷயமா", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவன் எத்தனை பேர்" என்ற பேச்சு வேண்டாம். யோபுவின் நண்பர்கள் வாய் திறக்காமல் ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதுதான் அவரைப் புண்படுத்தினார்கள்.

சாவைப் பற்றி நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதியே பலருக்குக் கிடைக்கும். ஆம் என்று பதில் வந்தால் பதறித் திட்டாமல் பக்கத்திலேயே இருந்து உதவிக்கு அழையுங்கள்.

சபைக்குத் திரும்ப வெட்கப்படுபவரை முதல் நாளே முன்வரிசையில் உட்காரவைத்துச் சாட்சி சொல்ல அழைக்க வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழையுங்கள். மருத்துவமனைச் சந்திப்பு நாளில் கார் இல்லாதவரைக் கொண்டுபோய் விடுங்கள். கொஞ்சம் தேறிய பிறகு, நாற்காலி அடுக்குவதோ பாட்டுப் புத்தகம் கொடுப்பதோ, சிறிய பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். கடற்கரையில் பேதுருவுக்கு நடந்ததும் இதுவே.

சோர்ந்திருப்பவருக்கும் ஒரு சொல். நீண்ட ஜெபம் வரவில்லை என்றால் பரவாயில்லை. சங்கீதப் புத்தகத்தில் 88-ஆவது சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலான முடிவு இல்லாத அந்தப் புலம்பலையும் ஜெபம் என்றே பைபிள் சேர்த்து வைத்திருக்கிறது. நம்பும் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "எனக்கு முடியவில்லை, கூட வாங்க."

இவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்துவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கருமாரியம்மன் கோயிலுக்குப் போகும் தாயும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தட்டுச் சோறும் ஒரு மணி நேரமும் கொடுக்க முடியும். அன்னம்மாளின் பழங்கதையில், வனாந்தரத்தில் ஒளிந்திருந்த யோவாக்கிம் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார். அவரை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றிருந்த அன்னம்மாள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். அடுத்த ஜூலையில் மலையடிவாரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள், தங்கள் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் அந்தக் கதவைத் தட்டினால் நல்லது.